மணல் வாளியில் ஒரு ஜாம் பாட்டில்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலின் தகர மூடி வீங்கியது. அதனால் எழுதுகிறேன்.

மாசி வரைக்கும் மூடி தட்டையாகத்தான் இருந்தது. பங்குனி வெயில் ஏறியதும் நடுவில் லேசாக மேடு தட்டியது. பாட்டிலுக்குள் இருப்பது கொய்யாப்பழ ஜாம். எங்கள் புறவாசலில் நிற்கும் மரத்தின் பழம். கிண்டியவள் என் மனைவி தங்கத்தாய். தீபாவளி லீவில் கிண்டி வைத்தாள். பிறகு மழை வந்தது, காய்ச்சல் வந்தது, கார்த்திகையில் இறந்துபோனாள்.

அவள் கிண்டியதில் மிஞ்சியிருப்பது இந்த ஒரு பாட்டில். சீனி போடாத ஜாம். சீனி இருந்தால் கெடாமல் கிடக்கும். இல்லாததால் உள்ளே புளித்துக் காற்று சேர்கிறது. திறந்தால் கொட்ட வேண்டியிருக்கும். திறக்காவிட்டால் ஒருநாள் வெடிக்கும் என்கிறார்கள். இரண்டையும் செய்யாமல் அதன் எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கதை இவ்வளவுதான். பஸ் பிடிக்க வேண்டியவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

நான் எழுத்தாளன் இல்லை. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்க்கிறவன். பட்டாசு லேபிள், தீப்பெட்டி லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை. மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்தே தலை நரைத்துவிட்டது. அதனால் என் வரிகளை நானே நம்புவதில்லை. எழுதி அடித்தவற்றையும் இங்கே விட்டு வைத்திருக்கிறேன்.

முதல் தொடக்கம்: “சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சிறிய ஊரில், அன்று காலை எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது, அப்போது திடீரென்று”

நிறுத்திவிட்டேன். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததை இங்கிருந்தே பார்த்தேன். குறை சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பெயரோடு ‘திடீரென்று’ வந்தால் அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாம் தொடக்கம்: “கொய்யா மரம் பூத்திருந்தது.”

பூத்தால் பூக்கட்டும். அடித்துவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்: “என் மனைவி மருந்து அறையில் வேலை பார்த்தாள்.”

இதில் பிழை இல்லை. ஆனால் வெளியூரில் இருந்து படிக்கிறவர் ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொள்வார். எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்து. காய்ச்சலுக்குத் தின்பது மாத்திரை. தங்கத்தாய் அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிறவளாக இருந்தாள். இளவயதில் போய்ச் சேர்ந்தவள். தினமும் காலையில் கம்பெனி வண்டியில் ஏறுவாள், சாயங்காலம் முழங்கை வரைக்கும் வெள்ளி பூசியதுபோல அலுமினியப் பொடியோடு இறங்குவாள். ஒருநாளும் ஒரு கொப்புளத்தோடுகூட வந்ததில்லை. கடைசியில் அவளைக் கொண்டுபோனது மழைக்குப் பிறகு ஊரெல்லாம் வந்த காய்ச்சல். கொசு கடித்து வருவது என்றார் டாக்டர்.

இங்கேதான் எனக்குச் சங்கடம் தொடங்குகிறது. அவள் இறந்த பிறகு ஒரு வேலையாக விருதுநகருக்குப் பஸ்ஸில் போனேன். பக்கத்து சீட்டுக்காரர் நல்ல மனிதர். மல்லாங்கிணற்றில் மகளைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். பேச்சுவாக்கில் வீட்டில் யார் யார் என்று கேட்டார். மனைவி இருந்தாள், கார்த்திகையில் தவறிவிட்டாள் என்றேன். வெற்றிலையை வாயில் ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “எந்தக் கம்பெனி?” என்று கேட்டார்.

காய்ச்சல் என்றேன். “ஓ” என்றார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த ‘ஓ’வை நான் அதற்குப் பிறகு பல வாய்களில் கேட்டுவிட்டேன். அச்சகத்துக்கு லேபிள் வாங்க வருகிற கணக்குப்பிள்ளை, பேங்கில் வரிசையில் நின்றவர், தூரத்துச் சொந்தம். எல்லோருக்கும் முதல் கேள்வி ‘எந்தக் கம்பெனி’. பதிலைக் கேட்டதும் அவர்கள் முகத்தில் ஏதோ அணைந்துபோகும். ஏதோ நான் கதையைப் பாதியில் முடித்துவிட்டதுபோல. வெடிவிபத்து என்று சொல்லியிருந்தால் கொஞ்ச நேரம் என்னோடு உட்கார்ந்திருப்பார்கள். காய்ச்சலில் செத்தவளுக்காக ஒருவரும் உட்காரவில்லை.

3

இனி ஜாம்.

எனக்குச் சர்க்கரை இருப்பதாகத் தெரிந்த வருஷமே எங்கள் அச்சகத்துக்கு ஒரு ஜாம் லேபிள் ஆர்டர் வந்தது. எனக்குச் சின்ன வயதில் இருந்தே ரொட்டியும் ஜாமும் என்றால் உயிர். இனிமேல் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்ன அதே வாரம் அந்த லேபிளை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டி வந்தது. புரூப் தாளை வீட்டுக்கு எடுத்துவந்து, அவள் வெங்காயம் உரிக்கும்போது சத்தமாகப் படித்தேன். சீனி, சீனிப்பாகு, கலர், எசன்ஸ் என்று போனது.

“பழம் எங்கன இருக்கு?” என்றாள்.

“கடைசியில இருக்கு.”

“அப்ப அது ஜாம் இல்ல. சீனி வெடி.”

(சீனி வெடி என்பது பட்டாசிலேயே சின்னது, குழந்தைகளுக்கானது. அடிக்குறிப்பாகப் போட வேண்டியது. அடிக்குறிப்பு போட்டால் அச்சுக்கோக்கிறவர்கள் திட்டுவார்கள் என்ற பழைய பயம்.)

மறுநாளே புறவாசல் கொய்யாவைப் பறித்துக் கிண்டத் தொடங்கினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் தடவை சுண்டிச் சுண்டிக் கல்லாகிப்போனது. நான் அதைச் சுவர்ப் பொத்தலுக்கு வைத்துப் பூசலாம் என்றேன். அன்று எனக்குச் சோறு பிந்தித்தான் கிடைத்தது. பிறகு பிடிபட்டது. நன்றாகக் கனிந்த பழத்தை வேகவைத்து, மசித்து, விதை போகத் துணியில் பிழிந்து, இனிப்புக்குப் பேரீச்சம்பழத்தை ஊறவைத்து அரைத்துச் சேர்ப்பாள். இறக்கும்போது எலுமிச்சை. ஒரு சொட்டுத் தட்டில் விட்டுச் சாய்த்தால் ஓடக்கூடாது, அதுதான் பதம். பேரீச்சம்பழத்திலும் சர்க்கரை உண்டு என்று டாக்டர் எச்சரித்தார். “அது பழத்தோட சொந்தச் சர்க்கரை, வெளிய இருந்து வந்தது இல்ல” என்று அவரிடமே சொன்னாள். ஆனாலும் வீட்டுக்கு வந்து எனக்கு ஒரு கரண்டிக்கு மேல் தரவில்லை.

கிண்டுவது எப்படி என்பதை எழுதினால்தான் அவளை எழுதியதாகும். மருந்து அறையில் இரும்பு ஆகாது. இரும்பும் இரும்பும் உரசினால் பொறி வரும். அதனால் வீட்டிலும் மரத்துடுப்புதான். பாத்திரத்தைத் தரையில் இழுக்கவே கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். முன்கதவு, பின்கதவு இரண்டும் திறந்திருக்க வேண்டும். மருந்து அறைக்குள் போகுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கும் கரண்ட்டை இறக்குவார்கள். இவள் அடுக்களைக்குள் போகுமுன் தண்ணீர்க் குழாயைத் தொடுவாள். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் நிற்கக்கூடாது என்பது சட்டம். விருந்தாளிகள் வந்து எட்டிப்பார்த்தால் ஆட்களை எண்ணுவாள். ஒருமுறை என் தங்கை குடும்பத்தையே வாசலில் நிறுத்திவிட்டாள். “ஜாமு வெடிக்குமா மதினி?” என்று தங்கை கேலி செய்தாள். “கை பழகிருச்சு, அதுக்கு ஜாமுக்கும் மருந்துக்கும் வித்தியாசம் தெரியாது” என்றாள் தங்கத்தாய்.

இரும்பு ஆகாது என்றேன் அல்லவா. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தருகிற வண்டிக்காரர் ஒருவர் எங்கள் தெருவுக்கு அப்போது வந்துகொண்டிருந்தார். தங்கத்தாய்க்கு இதைவிட நல்ல ஏற்பாடு உலகத்தில் இல்லை. வீட்டில் இருந்த இரும்பெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே போனது, பேரீச்சம்பழமாகத் திரும்பி வந்தது. கரண்டி போனது. உடைந்த கடப்பாரை போனது. ஒருநாள் வீட்டுக்கு வந்தால் தோசைக்கல்லைக் காணோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் ரொட்டியில் ஜாம் தடவிக் கொடுக்கும்போது நான் கேட்பேன்:

“இது எது? கடப்பாரையா?”

“தோசக்கல்லு. பேசாமத் தின்னுங்க.”

அக்கம்பக்கத்துக்கும் கொடுப்பாள். ஹார்லிக்ஸ் பாட்டிலில், நான் அச்சகத்தில் இருந்து கொண்டுவரும் வேஸ்ட் சீட்டில் இருந்து ஒரு லேபிளை வெட்டி ஒட்டி. பெரும்பாலும் புஸ்வாணம் லேபிள். நிறம் பிடிக்கும் அவளுக்கு. ருசி பார்த்தவர்கள் எந்தக் கம்பெனி ஜாம் என்று கேட்டால், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், “தங்கத்தாய் கம்பெனி. அடுத்த லோடு வந்தாச் சொல்லி விடுறேன்” என்பாள்.

4

மேலே உள்ளதைப் படித்துப் பார்த்தேன். அவள் சரியாக வரவில்லை.

செத்தவர்களை எழுதும்போது கை தானாகச் சீனி போடுகிறது. நான் எழுதியிருக்கும் தங்கத்தாய் நாள் முழுக்க வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். உண்மையில் அவள் பேசாத நாட்கள் அதிகம். சீசன் நேரத்தில் வேலை முடிந்து வந்தால் சுவரில் சாய்ந்து கண்ணைத் திறந்தபடியே இருப்பாள். கேட்டால், “ஒண்ணும் இல்ல, காது இரையுது” என்பாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்க் கொய்யா மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவாள். மரத்துக்குத் தேவைக்கு மேல் தண்ணீர் கிடைத்தது.

எரிந்து விழுவாள். வெள்ளைத்தாய் என்ற அவள் தங்கச்சியோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தாள், காரணம் இரண்டு பேருக்குமே மறந்துபோனது. தங்கத்தாய் இருந்து இந்தக் கதையைப் படித்தால் நிச்சயம் சண்டைக்கு வருவாள். “ஆயுசுக்கும் மருந்து கலந்திருக்கேன், என்னயப் போயி ஜாம் கிண்டுறவளா எழுதி வச்சிருக்கீக” என்பாள்.

[“என்று சொல்லிச் சிரித்தாள்” என்று எழுதி அடித்துவிட்டேன். புரூப் பார்க்கிறவர்களுக்கு ஒரு குறி உண்டு. அடித்தது தப்பு என்று தோன்றினால் அந்தச் சொல்லுக்கு அடியில் வரிசையாகப் புள்ளி வைப்போம். இருக்கட்டும், எடுக்காதே என்று அர்த்தம். ‘சிரித்தாள்’ என்பதற்கு அடியில் புள்ளி வைத்திருக்கிறேன். அச்சில் உங்களுக்குத் தெரியாது.]

கடைசியாக அவள் ஏதாவது சொன்னாளா என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். நானும் எதிர்பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக் கேட்டது இதுதான்: “அடுப்ப அமத்திட்டீகளா?”

அணைத்துவிட்டேன் என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

5

போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத்தாய் வந்தாள். அவளும் அக்கா வேலை பார்த்த அதே கம்பெனிதான், வேறு அறை. எனக்குக் குழம்பு கொண்டுவந்தவள் அடுக்களை அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

“மச்சான், இது எப்பத் தொட்டு இப்பிடி இருக்கு?”

பங்குனி பிறந்ததில் இருந்து என்றேன்.

“பெறந்ததுல இருந்து பாத்துக்கிட்டேதான் இருக்கீகளாக்கும்.”

பாட்டிலைத் தொடவில்லை. அலமாரிக் கதவைச் சாத்தவும் இல்லை. பின்கதவை அகலத் திறந்து வைத்தாள். என்னை அடுக்களைக்கு வெளியே வரச்சொன்னாள். அடுத்த தெருவில் இருந்த சங்கிலிமுத்துவைக் கூப்பிட்டு வந்தாள். சங்கிலிமுத்து அவர்கள் கம்பெனியில் போர்மேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருந்தான். வாசல்படியிலேயே நின்று, “உள்ள எத்தன பேரு இருக்கீக?” என்றான். ரெண்டு பேர் என்றாள் வெள்ளைத்தாய். சரி என்று தலையசைத்துவிட்டு, குழாயைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தான்.

ஒரு ஜாம் பாட்டிலுக்கு நடந்த மரியாதையை நான் அன்று பார்த்தேன். ஈரத்துண்டைச் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்தி, பெற்ற பிள்ளையைத் தூக்குவதுபோல அலுங்காமல் புறவாசலுக்குக் கொண்டுபோனான். கொய்யா மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் மணலை நிரப்பி, கழுத்து வரைக்கும் பாட்டிலைப் புதைத்து வைத்தான். பிறகு மூன்று பேரும் தள்ளிப்போய்ப் பின்வாசல்படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குத் திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. சங்கிலிமுத்துவும் சிரித்தான். வெள்ளைத்தாய் சிரிக்கவில்லை.

“மூடிய லேசாத் திருகி விட்டாப் போதும்ணே, காத்துப் போயிரும்” என்றான் சங்கிலிமுத்து. “தொறந்தாப் புளிச்ச வாடை அடிக்கும். கொட்டிர வேண்டியதுதான். நான் வேணா செஞ்சிட்டுப் போறேன்.”

வேண்டாம் என்றேன்.

“அக்கா இருந்தா இந்நேரம் விட்டு வச்சிருக்க மாட்டா” என்றாள் வெள்ளைத்தாய். “கலந்த மருந்த அன்னன்னைக்குத் தீத்துப்பிடணும், மிச்சம் போட்டுட்டு வீட்டுக்குப் போகக்கூடாதுன்னு எங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தவ அவ.”

“அது மருந்து இல்ல தாயி. ஜாம்.”

“ரெண்டையும் ஒரே கைதான கலந்துச்சு.”

குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிடச் சொல்லிவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள். சங்கிலிமுத்து பின்னாலேயே போனவன் திரும்பி வந்து, “வெயில்ல படாமப் பாத்துக்கிருங்க” என்று மட்டும் சொன்னான்.

அவர்களிடம் ஒன்றைச் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள். உங்களிடம் சொல்லலாம்; உங்களுக்கு என்னைத் தெரியாது.

அலமாரியில் இருந்தபோது கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். ஜாமுக்குள் சின்னச் சின்னக் குமிழ்கள். ஒன்று அடியில் பிறந்து, மெதுவாக, நாம் பார்க்கும்போது நகராமல், பார்க்காதபோது நகர்ந்து மேலே வரும். அவள் சேலைகள் மடித்தது மடித்தபடி இருக்கின்றன. சீப்பு இருக்கிறது. துடுப்பு ஆணியில் தொங்குகிறது. எல்லாம் அப்படி அப்படியே நின்றுவிட்டன. இந்த வீட்டில் அவள் கைபட்டதில் இன்னும் அசைந்துகொண்டிருப்பது அந்தப் பாட்டில் ஒன்றுதான்.

கெட்டுப்போவதும் ஓர் அசைவுதானே என்று

[இந்த வரியை முடிக்க வேண்டாம்.]

6

கதை என்றால் முடிவு வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. பாட்டில் வெடிக்கிறது. எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் யாரும் காதைப் பொத்துவதில்லை. வாசலுக்கு வந்து எந்தத் திசையில் புகை என்று வானத்தைப் பார்ப்பார்கள். தெருவே வெளியே வருகிறது. புகை இல்லை. என் வீட்டுச் சுவரில் கொய்யா ஒழுகுகிறது. உங்களுக்கு இந்த முடிவு பிடிக்கும் என்று தெரியும். முதல் பக்கத்தில் இருந்தே இதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள். எனக்கும் ஒருவகையில் ஆசைதான். அவள் பெயரில் ஒரு சத்தமாவது கேட்கும். ஆனால் ஆயுள் முழுக்க ஒரு பொறி பறக்கவிடாமல் வேலை பார்த்தவளின் கடைசிச் சரக்கை நான் வெடிக்கவிட்டேன் என்றால் அவள் கைக்கு அவமானம்.

முடிவு ஆ. திறக்கிறேன். காற்று உஸ்ஸென்று போகிறது. அவள் அந்த மூடியைத் திருகிய அன்று அடுக்களையில் இருந்த காற்று. ஒரு கரண்டி எடுத்து வாயில் போடுகிறேன். புளிப்பு. புளிப்புக்கு அடியில் கொய்யா. கொய்யாவுக்கு அடியில் பேரீச்சம்பழம். அதற்கும் அடியில் என் பழைய சைக்கிள் கேரியர். இந்தப் பாட்டிலுக்காக அவள் பழைய இரும்புக்குப் போட்டது அதைத்தான். இந்த முடிவில் எனக்கு வயிற்றுப்போக்கு வரும். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

முடிவு இ. மரத்தடியில் கொட்டுகிறேன். எறும்புகள் வருகின்றன. அடுத்த மழைக்கு மரம் கொத்துக் கொத்தாக

[இதை எழுதும்போதே கூச்சமாக இருந்தது. “மரத்துக்குச் சாணி போதும்” என்பாள். முழுவதும் அடித்துவிட்டேன். இதற்குப் புள்ளி வைக்கவில்லை.]

7

இப்போது மத்தியானம். கரண்ட் இல்லை. முன்கதவும் பின்கதவும் திறந்திருக்கின்றன, அவள் சொன்னபடி. பின்வாசலில் நாற்காலி போட்டு, மடியில் அட்டை வைத்து எழுதுகிறேன். மரத்து நிழலில் வாளி. இங்கிருந்து பார்த்தால் பாட்டிலின் கழுத்தும் மூடியும், மணலுக்கு மேலே லேபிளின் ஓர் ஓரமும் தெரிகின்றன. புஸ்வாணம் லேபிள். மேல் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எச்சரிக்கை மட்டும் புதையாமல் இருக்கிறது.

பற்ற வைத்தவுடன் விலகி நிற்கவும்.

இந்த வரியை நான் எத்தனை லேபிளில் பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. ‘நிர்க்கவும்’ என்று வரும், ‘நிற்கவும்’ என்று திருத்துவேன். ஒற்று பார்ப்பேன், புள்ளி பார்ப்பேன், அடுத்த லேபிளுக்குப் போவேன். இன்றைக்குத்தான் கவனிக்கிறேன். எவ்வளவு நேரம் விலகி நிற்க வேண்டும் என்று அந்த வரியில் சொல்லவில்லை.

நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்தேன்.

[இழுக்கவில்லை. தூக்கி வைத்தேன்.]

இப்போது கை நீட்டினால் மூடி எட்டும். வெதுவெதுப்பாக இருக்கிறது. தொட்டதும் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. மூடியா, என் மோதிரமா, தெரியவில்லை. மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இனி இரண்டு கையும் வேண்டியிருப்பதால் பேனாவைக் கீழே வைக்க வேண்டும். ஆகவே என்ன நடந்தது என்பதை என்னால் எழுத முடியாது.

நீங்கள் என்றைக்காவது சாத்தூர் பஸ்ஸில் எங்கள் ஊரைத் தாண்டிப் போகலாம். அப்போது ஒரு சத்தம் கேட்கலாம். மூடியை நான் திருகிவிட்டிருந்தால் எதுவும் கேட்காது. எதுவாக இருந்தாலும் பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்ப்பார். எங்கள் ஊர் வந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, இங்கே ஒரு புரூப் ரீடர் இருந்தாரே, அவர் சம்சாரம்கூடத் தவறிப்போச்சே என்று பேச்சை எடுப்பார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, எந்தக் கம்பெனி என்று உங்களிடம் கேட்பார்.

நான் இதுவரை ஒருவருக்கும் சரியான பதில் சொன்னதில்லை. அவள் சொல்லும் பதில் உங்களுக்குத் தெரியும். சொல்லிவிடுங்கள்.